கல்லு என்று சொல்லி வைத்தது

செய்தி வந்தபோது காலை பதினொன்றேகால் மணி. நாகம்மா மொட்டை மாடியில் வற்றல் துணியை வெயில் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. மருமகன் வினோத். எப்போதும் "அத்தை, சாப்டீங்களா" என்று ஆரம்பிக்கிறவன் அன்றைக்கு அப்படி ஆரம்பிக்கவில்லை.

"மாமா பக்கத்துல இருக்காரா?"

"கீழ பேப்பர் படிச்சினு கீறாரு. ஏம்ப்பா?"

"ஸ்கேன் ரிப்போர்ட் வந்துடுச்சு. கணையத்துல ரெண்டு கட்டி இருக்குன்னு போட்ருக்காங்க. நாளைக்கு டாக்டர் நேர்ல வரச் சொல்றாரு."

கணையம் என்கிற சொல்லை அவள் அதுவரை யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை. "அது எங்க கீது?"

"இரைப்பைக்குப் பின்னால, அத்தை. சக்கரை திடீர்னு ஏறுச்சே, அதுக்கும் இதுதான் காரணமா இருக்கலாமாம்."

அண்ணனூர் ரயில் பணிமனைக்குள் போகிற காலி வண்டி ஒன்று நீளமாக ஊதிக்கொண்டு போனது. அதற்கப்புறம் வினோத் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை. கட்டி என்ற சொல் மட்டும் உள்ளே நின்றுவிட்டது. அது அவளுக்குத் தெரிந்த சொல். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டுக்கு வந்த அந்தச் சொல்லை, வெளியே போகும்போது அவள்தான் கல்லு என்று மாற்றி அனுப்பினாள்.

துணியை மறுபடி நிழல் பக்கம் இழுத்தாள். பிறகு வெயிலுக்கே இழுத்தாள். கீழே இறங்கினாள். அவர் பேப்பரிலிருந்து நிமிராமல், "மோட்டார் சத்தம் மாறிகினு வருது, பேரிங் போகப் போவுது" என்றார். சொல்லலாம் என்று வாயெடுத்தவள் காப்பி போடப் போனாள். பாலைப் பொங்கவிட்டாள்.

அவர் பெயர் பக்தவத்சலம். அயப்பாக்கத்தில் ஒன்றரை ஏக்கர் வைத்திருந்த குடும்பம். அந்த நிலத்தில் இப்போது வரிசை வரிசையாக வீடுகள். பையன் பிறந்தால் பெருமாள் பெயர் வைப்பதாகத் திருநின்றவூரில் அவருடைய அப்பா வேண்டிக்கொண்டார், வைத்தார். அண்ணனூர் மின்ரயில் பணிமனையில் முப்பத்து நான்கு வருஷம் பிட்டராக வேலை பார்த்தவர். பெட்டிக்கு அடியில் படுத்தபடி தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே எங்கே தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு புத்தகம் உண்டு. எந்தத் தேதியில் என்ன பழுது, என்ன மாற்றியது, யார் கையெழுத்து என்று எல்லாம் அதில் இருக்கும். பழைய பக்கங்களைப் புரட்டாமல் அவர் ஸ்பேனரைக் கையில் எடுக்க மாட்டார் என்று ஷெட்டில் கேலி செய்வார்கள். "பொண்ணு பாக்கப் போனா ஜாதகம் கேப்பாங்க, இவன் பொட்டிக்கே ஜாதகம் கேக்கறான்" என்று சொன்னது உடன் வேலை பார்த்த முகமது ஆசிக்.

சிறுநீரில் ரத்தம் போனதை அவர் முதலில் சொன்னதும் ஆசிக்கிடம்தான். அது இரண்டாயிரத்துப் பதினொன்று, ஆடி மாதம். பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் வலது சிறுநீரகத்தைக் கட்டியோடு எடுத்தார்கள். எடுத்ததைச் சோதித்து, புற்றுதான் என்று எழுதிக் கொடுத்தார்கள். முழுசாக எடுத்தாயிற்று, பயப்பட வேண்டாம், ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று சொன்ன சர்ஜன், "இது பத்து வருஷம் கழிச்சுக்கூட வேற எடத்துல தலை காட்டும், விட்றாதீங்க" என்றும் சொன்னார்.

ஆவணி பிறந்ததும் மகள் பவித்ராவைப் பெண் பார்க்கப் பூந்தமல்லியிலிருந்து வருவதாக இருந்தது. பையன் வினோத், கம்ப்யூட்டர் வேலை. அம்மா பொன்னியம்மா, புருஷன் போனபின் பஸ் ஸ்டாண்டு பக்கம் இரும்புக் கடையைத் தனியாக நடத்துகிறவள். பெண்ணின் அப்பாவுக்குப் புற்று என்று தெரிந்தால் அந்த வண்டி பூந்தமல்லியை விட்டே கிளம்பாது. நாகம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து யோசித்தாள். அந்த வட்டாரத்துப் போர்வெல் தண்ணிக்குக் கல்லு வராத வீடு எது? கல்லு முத்தி, கிட்னி கெட்டுப்போய், அதை எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான். பவித்ராவிடமும் அப்படியே சொன்னாள். பெண் வாய் தவறிவிடக் கூடாது.

பக்தவத்சலம் ஒரே ஒரு தடவை கேட்டார். "பொட்டிய ஷெட்ட விட்டு அனுப்பறப்போ பழுத மறச்சுக் கையெழுத்துப் போட்டதில்ல நாகு. இதுல போடணுமா?"

"போடுங்க. பொண்ணுக்காகத்தான்."

போட்டார். ஆஸ்பத்திரி பைல் வீட்டில் இருந்தால் பவித்ரா புடவை தேடும்போது கையில் சிக்கும் என்று ஆசிக் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். கல்யாணம் நடந்தது.

கல்லு என்று சொன்னதைப் பொன்னியம்மா மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டாள். அதுதான் தொந்தரவாகப் போயிற்று. கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு என்பது அவளுடைய அசைக்க முடியாத கட்சி. சம்பந்தி எப்போது பூந்தமல்லி வந்தாலும் ஒரு சொம்பு நிறையத் தயாராக இருக்கும். அண்ணனூருக்கு அவள் வந்தால் தண்டைக் கூடவே கொண்டுவருவாள். "ஒத்தக் கிட்னி, பாத்து வெச்சுக்கணும் சம்மந்தி" என்று எதிரில் நின்று குடிக்க வைப்பாள். பக்தவத்சலம் கண்ணை மூடி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்லா கீது சம்மந்தி" என்பார். திரும்பி வருகிற பஸ்ஸில் பெப்பர்மிண்ட் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்.

வேலையில் இருந்தவரை வருஷா வருஷம் டூட்டி மெடிக்கல் என்று சொல்லிவிட்டுப் பெரம்பூர் போய் வந்தார். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் ஓய்வு பெற்றதும் அந்தச் சாக்குப் போய்விட்டது. அதோடு வினோத் கார் வாங்கினான். நல்ல பையன். "நீங்க எதுக்கு மாமா ட்ரெயின்ல தொங்கறீங்க, எங்க போணும் சொல்லுங்க" என்று நிற்பான். எங்கே போக வேண்டும் என்றுதான் சொல்ல முடியவில்லை. அந்த வருஷம் தள்ளிப்போயிற்று. அடுத்த வருஷம் கொரோனா. அதற்கடுத்து, பத்து வருஷம் வராதது இனி வருமா என்று அவரே சொன்னார். நாகம்மாவும் சரி என்றாள். சரி என்று சொன்ன அந்த நாள் செவ்வாய்க்கிழமை என்பதுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது.

மறுநாள் அம்பத்தூரில் டாக்டர் அறைக்குள் நான்கு பேரும் போனார்கள். பவித்ராவுக்குப் பள்ளியில் பரீட்சை மேற்பார்வை. அவளுக்குப் பதிலாகப் பொன்னியம்மா கடையைப் பூட்டிக்கொண்டு வந்திருந்தாள். டாக்டர் சின்ன வயசுக்காரர். திரையில் படத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"ஒரு கிட்னி இல்லையே. எதுக்காக எடுத்தாங்க?"

நாகம்மா வாயைத் திறப்பதற்குள் பொன்னியம்மா முந்திக்கொண்டாள். "கல்லு சார். கல்லு முத்திப்போயி கிட்னியவே எடுக்கறாப்ல ஆயிடுச்சு. மிச்சம் கீற ஒண்ண நான்தான் வாழத்தண்டு ஜூஸ் குடுத்துக் குடுத்துக் காப்பாத்தினு வரேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. பக்தவத்சலத்தைப் பார்த்தார். "கல்லுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்போ குடுத்த ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?"

பக்தவத்சலம் நாகம்மாவைப் பார்த்தார். நாகம்மா வினோத்தின் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள்.

"பழசு சார். எங்கயோ பூடுச்சு" என்றாள்.

"ஏன் கேக்கறேன்னா, இது கணையத்துலயே பொறந்த கட்டியா, வேற எங்கேயோ இருந்து வந்து ஒக்காந்ததான்னு தெரியணும். வைத்தியமே வேற வேற. கணையத்துல பொறந்ததா இருந்தா பெரிய ஆபரேஷன், அதுக்கப்புறமும் எத்தனை நாள்னு சொல்றது கஷ்டம். வெள்ளிக்கிழமை ஊசி வழியா கொஞ்சம் சதை எடுத்துப் பாப்போம். ஆனா சில சமயம் அந்தத் துளி போதாது. எதைத் தேடணும்னு லேப்ல இருக்கறவங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும்." சொல்லிக்கொண்டே அவர் எதையோ எழுதினார்.

கல்லு என்றுதான் எழுதுகிறார் என்று நாகம்மாவுக்குப் புரிந்தது. பதினோரு வருஷமாக வாயில் மட்டும் இருந்தது, இப்போது காகிதத்தில் ஏறிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவள் உட்காரவில்லை. துலக்கி வைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடி துலக்கினாள். பருப்பு டப்பாவைக் கவிழ்த்துப் பொறுக்க ஆரம்பித்து, பாதியில் விட்டு, மாடிக்கு ஏறினாள். வற்றல் காய்ந்துவிட்டது. அதையும் எடுக்காமல் இறங்கினாள்.

"குந்தேன் செத்த நேரம்" என்றார் பக்தவத்சலம்.

"ஆசிக் பாய் கிட்ட பைல் கீது இல்ல?"

"கீது. கெடக்கட்டும்."

"இன்னா கெடக்கட்டும்? அந்த டாக்டர் கேட்டாரு இல்ல?"

"பவித்ரா அந்த ஊட்ல வாழணும் நாகு. எனக்கு அறுபத்து நாலு. அவளுக்கு முப்பத்து மூணு. இப்ப போயி, உங்கள ஏமாத்திதான் கட்டிக் குடுத்தோம்னு சொன்னா, அந்தம்மா சும்மா இருக்குமா? ஒவ்வொரு சண்டைக்கும் இத எடுப்பாங்க."

"எடுக்கட்டும்."

"உனுக்கு ஈஸி. கேக்கப் போறது அவ."

அவர் குரலை உயர்த்தவில்லை. அவர் உயர்த்தியிருந்தால் அவளுக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை ஆவடி மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தாள். திருநின்றவூருக்கு டிக்கெட் எடுத்தாள். பெண்கள் பெட்டியில் பாதி இடம் காலியாகத்தான் இருந்தது. ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி என்று ஸ்டேஷன் வர வர இரண்டு கதவுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தாள். கூடை வைத்திருந்த ஒருத்தி, "வண்டி ஓடறது பத்தாதுன்னு நீ வேற ஓடறியா? ஒக்காரும்மா" என்றாள். நாகம்மா உட்கார்ந்து, அடுத்த ஸ்டேஷனிலேயே எழுந்துவிட்டாள்.

ஆசிக் ஓய்வு பெற்றபின் ஏரிக்கரைப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டியிருந்தார். அவளைப் பார்த்ததும் எதற்கு வந்தாள் என்று கேட்கவில்லை. உள்ளே போய் பீரோ மேலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பைலைக் கொண்டுவந்தார்.

"மறுபடி வந்துடுச்சா?"

"கணையமாம், பாய்."

அவர் கவரின் மேல் படிந்திருந்த தூசியைத் தன் லுங்கி முனையால் துடைத்தார். "ரெண்டு தபா ஊடு மாறினேன் தங்கச்சி. ரெண்டு தபாவும் வண்டில மொதல்ல ஏறினது இதான். பத்திரமா வெச்சுக்கறேன்னு பெருமையா நெனச்சுகினு இருந்தேன். பத்திரமா வெச்சதுதான் தப்பு. உங்க ஊட்லயே எங்கனா போட்டு வெச்சிருந்தா என்னிக்கோ யார் கையிலயாவது மாட்டியிருக்கும்."

"அவரு வேணாங்கறாரு."

"அவன் அப்படித்தான் சொல்லுவான். பொட்டிக்குப் பழைய புக்கு எங்க, புக்கு எங்கன்னு எத்தினி பேரு உசுர வாங்கினான் தெரியுமா? இப்ப அவன் புக்கு என் பீரோ மேல கெடக்குது." அவர் பைலை நீட்டினார். "கொண்டு போய் மொதல்ல டாக்டர் கையில குடு. மத்தத அப்பால பாத்துக்கலாம்."

நாகம்மா ஸ்டேஷன் பக்கம் திரும்பினாள். நாலு அடி நடந்தாள். நின்றாள். டாக்டரிடம் கொடுத்தால் டாக்டர் வினோத்தைக் கூப்பிடுவார், வினோத் வீட்டில் சொல்லுவான், பொன்னியம்மாவுக்குக் கடைசியில்தான் தெரியும். பொய் சொன்னது அவளிடம். அப்போது பூந்தமல்லி என்று போர்டு போட்ட பஸ் வந்தது. கை காட்டி ஏறிக்கொண்டாள்.

மெட்ரோ தூண்களுக்கு நடுவில் பஸ் ஊர்ந்தது. இறங்கிப் பாதி தூரம் நடந்தே போனாள். கடையில் பொன்னியம்மா ஆணி நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சம்மந்தி, வெயில்ல? சொல்லியிருந்தா வினோத்த அனுப்பியிருப்பேன் இல்ல? இரு, தண்டு வாங்கி வெச்சுக்கீறேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எடுத்தாரலாம்னு."

"அது வேணாம் சம்மந்தி." நாகம்மா நின்றபடியே பைலை ஆணித் தராசின் பக்கத்தில் வைத்தாள். "அவருக்குக் கல்லு இல்ல. எப்பவும் இருந்ததில்ல. அது கேன்சர் கட்டி. உங்க ஊட்டு சம்பந்தம் கை விட்டுப் பூடும்னு நான்தான் கல்லுன்னு சொன்னேன். பவித்ராவுக்குத் தெரியாது. அவள ஒண்ணும் கேக்காதீங்க."

பொன்னியம்மா தராசில் இருந்த ஆணியைக் காகிதத்தில் கொட்டி, மடித்து, எதிரில் நின்ற ஆளிடம் கொடுத்தாள். அவன் கடையை விட்டு இறங்கியதும் நாகம்மா பக்கம் திரும்பினாள்.

"அப்ப அந்த ஜூஸு?"

நாகம்மா பையின் காதைச் சுருட்டினாள்.

"வாழத்தண்டுல நார் எடுக்கறது இன்னா வேலன்னு உனுக்குத் தெரியுமா? ஒவ்வொரு வில்லைக்கும் வெரல்ல சுத்திச் சுத்தி எடுக்கணும். பதினோரு வருசம் எடுத்தேன். அவரும் நல்லா கீது நல்லா கீதுன்னு குடிச்சாரு."

"அவருக்குப் புடிக்கவே புடிக்காது சம்மந்தி."

"அதையும் இப்ப சொல்றியா நீ." பொன்னியம்மா தராசுத் தட்டைத் துடைத்தாள். "சொல்லியிருந்தா நான் பொண்ணு எடுக்க மாட்டேன்னு சொல்லியிருப்பேனா?"

"சொல்லியிருப்பீங்க."

பொன்னியம்மா யோசித்தாள். வெளியே கிரேன் ஒன்று எதையோ தூக்கிக்கொண்டு கத்தியது.

"ஆமா" என்றாள். "சொல்லித்தான் இருப்பேன்." பிறகு பைலை எடுத்து நாகம்மாவின் பைக்குள் அவளே வைத்தாள். "ஆட்டோ புடிச்சிப் போ. டாக்டர் மூணு மணிக்கு மேல இருக்க மாட்டாரு. வினோத்து கிட்ட நான் பேசிக்கறேன்."

கூட வருவதாகச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை.

டாக்டர் பைலை நின்றுகொண்டே படித்தார். பின் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்து, கடைசியாக ஸ்கேன் எடுத்தது எப்போது என்று அவளைக் கேட்டுக்கொண்டார். நேற்று எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தார்.

"அம்மா, இதை நேத்தே குடுத்திருக்கலாம். இது பெரும்பாலும் அந்தப் பழைய கட்டியோட வாரிசுதான். கிட்னில வந்தது சில பேருக்கு இப்படித்தான் வருஷக்கணக்கா சத்தமே இல்லாம இருந்துட்டுக் கணையத்துக்குப் போகும். லேப்ல உறுதி பண்ணட்டும். ஆனா ஒண்ணு சொல்றேன், கணையத்துலயே பொறந்ததைவிட இது மெதுவா நடக்கற சாதி. மாத்திரையிலயே பல பேரு வருஷக்கணக்குல ஓட்டறாங்க. நாலு வருஷமா ஸ்கேன் எடுக்காம விட்டதுதான்..." என்று சொல்ல வந்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது பக்தவத்சலம் வாசலில் நின்றிருந்தார். "ஆவடி மார்க்கெட்டுல காய் இல்லியா?"

அவள் பைலை எடுத்துக் காட்டினாள். அவர் அதை வாங்கி முதல் பக்கத்தைத் திறந்தார். தேதியைப் பார்த்தார். கீழே இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"சம்மந்தி இன்னா சொன்னாங்க?"

"நார் எடுத்ததச் சொன்னாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். நாகம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஊசி எடுத்ததில் டாக்டர் சொன்னதுதான் என்று உறுதியாயிற்று. மாத்திரை ஆரம்பித்தார்கள். வினோத் சொல்லி, ஊசி எடுத்த அன்று சாயங்காலமே பவித்ரா வந்திருந்தாள். அவள் சண்டை போடவில்லை. அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "வருஷா வருஷம் ஸ்கேனுக்கு அப்பா தனியாதான் போனாரா?" நாகம்மா ஆமாம் என்றாள். பவித்ரா உள்ளே போய் அப்பாவின் அழுக்குச் சட்டைகளை எல்லாம் ஊற வைத்தாள்.

பக்தவத்சலம் அதற்குப்பின் இரண்டு வருஷம் ஐந்து மாதம் இருந்தார். மாத்திரையில் தலைமுடி, புருவம் எல்லாம் பஞ்சாக வெளுத்தன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் உரிந்தது. ஆனால் முதல் ஒன்றரை வருஷம் நடந்தார், மோட்டாருக்குப் பேரிங் மாற்றினார், பேரனைப் பணிமனைச் சுவர் ஓரமாக அழைத்துப் போய் வண்டிகளைக் காட்டினார். பொன்னியம்மா இரண்டு தடவை வந்தாள். கூடத்தில் உட்கார்ந்து உடம்பை விசாரித்துவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள். பவித்ராவை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அண்ணனூர் வீட்டுக்கு வாழைத்தண்டும் வரவில்லை. அவள் போனபின் ஒரு நாள் பக்தவத்சலம், "ஜூஸு இல்லாம அந்தம்மா கையி சும்மா கீறத பாக்க நல்லால்ல" என்றார்.

போன தை மாதம் பொங்கல் கழித்து வினோத் காரிலிருந்து ஒரு கிரைண்டரை இறக்கினான். அவன் முகத்தில் சங்கடமும் சிரிப்பும் இருந்தன.

"அம்மா குடுத்து உட்டாங்க மாமா. மாவு நைசா அரையலியாம், கல்லைக் கொத்தணுமாம். அப்புறம்..."

"சொல்லு."

"சம்மந்தி கிட்ட, இது நெஜமாவே கல்லுதான்னு சொல்லச் சொன்னாங்க."

பக்தவத்சலம் கிரைண்டரைத் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். "ஆமா. கல்லுதான்" என்றார்.

மாடிப்படிக்கு அடியில் கோணியை விரித்து, சுத்தியலும் சிற்றுளியும் எடுத்துவைத்துக்கொண்டார். கைத்தோல் உரிந்திருந்ததால் துணி சுற்றிக்கொண்டுதான் உளியைப் பிடிக்க முடிந்தது. நல்ல நாளில் நாலு விரல் அகலம் கொத்துவார். மற்ற நாளில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்துவிடுவார். நாகம்மா அடுப்படியில் நின்றபடி அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பாள். சத்தம் நின்றால் கரண்டியோடு வந்து எட்டிப் பார்ப்பாள். "நிறுத்தினா ஓடியாறியே, ரெஸ்ட் எடுக்க உட மாட்டியா?" என்பார்.

ஆனி மாதம் பொன்னியம்மா நாகம்மாவுக்குப் போன் செய்தாள். "கல்லு எப்ப வரும் சம்மந்தி?"

"ஒரு குழவி ஆச்சு சம்மந்தி. இன்னொண்ணுதான் பாக்கி."

"பொறுமையாவே ஆவட்டும். மாவு கடையில வாங்கிக்கறேன்."

அதிலிருந்து மூன்றாவது வாரம், ஆடி பிறந்து இரண்டாம் நாள் காலையில் அவர் போய்விட்டார்.

கிரைண்டர் இன்னும் அண்ணனூர் வீட்டு மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கிறது. பொன்னியம்மா அதைத் திருப்பிக் கேட்கவில்லை, நாகம்மாவும் அனுப்பவில்லை. இரண்டு குழவிகளில் ஒன்று முழுதும் கொத்தியாயிற்று. மற்றதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வரை புள்ளிகள் இருக்கின்றன. மீதி வழவழப்பாகவே இருக்கிறது.